பெற்றுக்கொண்டேன், நலம்

“ஏம்மா, கட்டின புருஷனுக்கு ஒரு சோப்பு வாங்கிக் குடுக்கக்கூடவா மனசு வரல உனக்கு? தெருவே ஒரு மாதிரி பேசுது. இன்னிக்கு நீ என்கூட வந்தே ஆகணும்.”

பக்கத்து வீட்டு அக்கா விடுவதாக இல்லை. பெயிண்டரின் மனைவி வேறு வழியில்லாமல் ஒரு சோப்பு, ஒரு துண்டு, இரண்டு பனியன்களைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ரவுடிகளை ஒழித்தே தீருவது என்று அரசு களத்தில் இறங்கி ஆறு வாரம் ஆகிறது. சும்மா சொல்லக் கூடாது, தெருவில் ஒரு வெட்டுக்குத்து இல்லை. குழாய் ரிப்பேர் பார்க்கவும்தான் ஆள் இல்லை. கண்ணில் பட்ட ஆண்களையெல்லாம் லாரியில் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்கள். அக்காவின் ஒரே மகன், மெக்கானிக், வேலை முடிந்து வரும் வழியில் அகப்பட்டுக்கொண்டான். பெயிண்டரையும் அன்றே பிடித்துவிட்டதாக அவர் மனைவி தெருவெல்லாம் கேட்க அழுதாள்.

சிறை வாசலில் நீளமான வரிசை. கைதிகளைப் பார்க்க அனுமதி கிடையாது. ஜன்னல் வழியாகப் பார்சலை வாங்கிக்கொண்டு கிளார்க் உள்ளே போவார். கைதி கையெழுத்துப் போட்ட சீட்டோடு திரும்பி வருவார். அவ்வளவுதான்.

“உள்ள அடிச்சே கொன்னுடறாங்கன்னு சொல்றாங்களே அக்கா.”

“சொல்றவங்க சொல்லிட்டுப் போறாங்க. இதப் பாரு.” அக்கா பர்ஸிலிருந்து ஐந்து சீட்டுகளை எடுத்துக் காட்டினாள். “‘பெற்றுக்கொண்டேன், நலம்’னு என் பிள்ளையே எழுதியிருக்கான். இது வர்ற வரைக்கும் அவன் உசுரோட இருக்கான். எனக்கு அது போதும். முன்னெல்லாம் அவன் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். இப்ப பாரேன், முத்து முத்தா எழுதறான். உள்ள போனதுல கையெழுத்தாவது திருந்துச்சு.”

ஜன்னலை நெருங்க நெருங்கப் பெயிண்டர் மனைவி பின்வாங்கினாள்.

“நான் வீட்டுக்குப் போயிடறேன் அக்கா. அந்தப் பேர்ல ஆளே இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா?”

“வாயைக் கழுவு. நல்லதையே நினை.”

“பேர்?” என்றார் கிளார்க்.

சொன்னாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அவர் அவள் பையையும் அக்காவின் பார்சலையும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கால் மணி நேரம் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போலீஸ்காரர் யாராவது இந்தப் பக்கம் திரும்பினாலே முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

கிளார்க் இரண்டு சீட்டுகளோடு வந்து, ஒன்றை அவளிடம் நீட்டினார். “மூணாவது பிளாக். நல்லா இருக்கார். அடுத்த வாரம் செருப்பு கொண்டு வரச் சொன்னார். ஒன்பதாம் நம்பர்.”

அவள் பேயறைந்தது போல நின்றாள். அக்காதான் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“நான்தான் சொன்னேனே. உன் புருஷனும் நல்லா இருக்கார், என் பிள்ளையும் நல்லா இருக்கான்.”

வீடு வரும்வரை அக்காதான் பேசிக்கொண்டு வந்தாள். பெயிண்டர் மனைவி சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு நடந்தாள்.

உள்ளே நுழைந்ததும் கதவைத் தாழிட்டாள். ஜன்னலைச் சாத்தினாள். ஏணியை எடுத்துப் பரணில் சாய்த்து, “இறங்கி வாங்க” என்றாள் மெதுவாக.

ஆறு வாரமாகப் பரணிலேயே பதுங்கியிருந்த பெயிண்டர் கீழே இறங்கி, தான் நலமாக இருப்பதாகத் தன் பெயரில் கையெழுத்தாகியிருந்த சீட்டை இரண்டு முறை படித்துப் பார்த்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா தன்னுடைய ஆறாவது சீட்டை யாருக்கோ சத்தமாகப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.