சோறு போடும் கை

"மூணு வாரமாப் பழக்கி என்ன பிரயோஜனம் மேடம்? சோறு போடுற கையையே கடிச்சு வெச்சிருக்கு!"

மகள் அப்பாவின் வலது கையை நாய்ப் பயிற்சியாளரிடம் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டைச் சுற்றியிருந்த கட்டு அவளே போட்டது. நர்ஸ் கை, ஒரு சுருக்கம் கிடையாது. அப்பா கையை மெதுவாக உருவி மடியில் வைத்துக்கொண்டார்.

கடித்த நாய் பஞ்சு, சாப்பாட்டு மேசைக்கடியில் ஒன்றும் தெரியாத பிள்ளையாகப் படுத்திருந்தது. பேருக்குத்தான் பஞ்சு. தட்டுப் பக்கம் ஆள் போனால் போதும், உடம்பு விறைத்து, பல்லெல்லாம் வெளியே வந்துவிடும்.

"என்கிட்ட இப்ப உறுமுறதே இல்ல. அப்பாகிட்ட மட்டும் நாளுக்கு நாள் மோசமாயிட்டு வருது," என்றாள் மகள். "நான் காலையில ஏழு மணிக்கு டியூட்டிக்குப் போனா சாயங்காலம்தான் வருவேன். மத்தியானம் அதுக்குத் தட்டு வைக்கிறது இவர்தான். சுகர் உடம்பு மேடம், புண்ணு வந்தா லேசுல ஆறாது. நாய்க் காப்பகத்துல பேசிட்டேன். இன்னிக்கும் சரிப்படலேன்னா நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க."

"அனுப்பாதம்மா," என்றார் அப்பா. "அது மேல தப்பில்ல."

"நீங்க சும்மா இருங்கப்பா. நீங்க குடுக்குற செல்லந்தான் எல்லாத்துக்கும் காரணம்."

பயிற்சியாளர் குனிந்து பஞ்சுவின் விலாவைத் தடவிப் பார்த்தார். எலும்பு விரலில் தட்டுப்பட்டது. "என்னம்மா இது, இப்படி இளைச்சிருக்கு?"

"அதுதான் மேடம் எனக்கும் புரியல. இருநூறு கிராம் சோறு, நூத்தம்பது கிராம் கோழி. நிறுத்துத்தான் டப்பாவுல போட்டுட்டுப் போறேன். சாயங்காலம் வந்து பார்த்தா தட்டு கழுவி வெச்ச மாதிரி இருக்கு. அப்படியும் ரெண்டு கிலோ குறைஞ்சுட்டுது. பூச்சி மருந்துகூடக் குடுத்தாச்சு."

"தட்டுலேர்ந்து யாராவது பிடுங்கிப் பார்த்தீங்களா? நாயை அடக்கறேன்னு சில வீட்ல அப்படிப் பண்ணுவாங்க."

"சேச்சே! இந்த வீட்ல யாரு அப்படிப் பண்ணப் போறா?"

"நாய் உறுமுறது திமிர்ல இல்லம்மா, பயத்துல. கை வந்தா தட்டுல இருக்கிறது போயிடும்னு பயம். கை வந்தா கூட ஒண்ணு விழும்னு அதுக்குத் தெரிஞ்சுட்டா உறுமாது. அவ்வளவுதான் விஷயம். கோழி இருக்கா?"

மகள் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த சாவியால் சமையலறையைத் திறந்து, வேகவைத்த கோழித் துண்டுகளைக் கிண்ணத்தில் எடுத்து வந்தாள். மறக்காமல் மறுபடி பூட்டினாள். போன வருஷம் அப்பா பாலை வைத்துவிட்டு கேஸை மூட மறந்த நாளிலிருந்து அந்தப் பூட்டு. அன்றைக்கு வாசலிலேயே மூக்கில் ஏறிய நாற்றத்தை நினைத்தால் இன்றைக்கும் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள்.

மேசைமேல் அப்பாவின் சின்ன டப்பா திறந்து கிடந்தது. டாக்டர் சொன்ன அளவு பிசகாமல் மகள் வைத்திருந்த மதியச் சாப்பாட்டை அப்போதுதான் முடித்திருந்தார்.

பயிற்சியாளர் பஞ்சுவின் கயிற்றை மேசைக்காலில் கட்டினார். தட்டை வைத்ததும் அது சாப்பிடத் தொடங்கியது. மகள் ஆறடி தள்ளி நடந்தபடியே ஒரு துண்டைத் தட்டில் வீசிவிட்டு, நிற்காமல் போனாள்.

அடுத்த தடவை நாலடி. அதற்கடுத்த தடவை இரண்டடி. பஞ்சு தட்டை விட்டுவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்து வாலை ஆட்டியது.

"தேறிட்டான்!" என்று சிரித்தார் பயிற்சியாளர். "இப்ப ஐயா வாங்க."

மூன்று வாரமாக முட்டி வலி, தலைவலி என்று நழுவிக்கொண்டிருந்தவர் அப்பா. இன்று மகள் விடுவதாக இல்லை. மூன்று துண்டு மீதமிருந்த கிண்ணத்தை இடது கையில் வாங்கிக்கொண்டு எழுந்தார்.

இரண்டு அடி எடுத்து வைத்திருக்க மாட்டார். பஞ்சு தட்டின்மேல் கவிழ்ந்தது. தலையைத் தூக்காமலே உறுமிக்கொண்டு, சோற்றை அவசர அவசரமாக விழுங்கியது.

"நிக்காதீங்கய்யா. ஒரு துண்டைப் போட்டுட்டு வந்துடுங்க."

அவர் போடவில்லை, வரவுமில்லை. இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு அப்படியே நின்றார். உறுமல் இன்னும் ஏறியது.

"போதும் மேடம்," என்றாள் மகள். கைக்குள் அடங்குகிற குட்டியாகப் பஞ்சுவைத் தூக்கி வந்தவளே அவள்தான். "எனக்கும் இதைப் பிரிய மனசில்ல. அதுக்காக அப்பாவை வெச்சுப் பரீட்சை பண்ணிட்டே இருக்க முடியுமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு காப்பகத்துக்கு போன் போட்டாள். மணி அடிக்கத் தொடங்கியது.

பயிற்சியாளருக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "ஒரே ஒருத்தரைப் பார்த்து மட்டும் பயப்படுதுன்னா, ஏதோ காரணம் இருக்கணுமேம்மா," என்றபடி அப்பாவிடமிருந்து கிண்ணத்தை வாங்கினார்.

கிண்ணம் காலியாக இருந்தது. தட்டில் ஒரு துண்டும் விழவில்லை.

அப்பா திரும்பினார். வாயில் இருந்ததை அவசர அவசரமாக விழுங்கிவிட்டு, கட்டுப் போட்ட கையால் உதட்டைத் துடைத்தார். மகளின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. பஞ்சுவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போனை வைம்மா. எனக்குப் பசிக்குது."