விடுதலைச் சீட்டு

மைத்துனரின் முடிவெட்டும் கடை ஜன்னல் கண்ணாடியைக் கல்லால் உடைத்துவிட்டு ஆர்வில் ஸ்டக்கி ஓடவில்லை. தானே போலீசுக்குப் போன் போட்டார். அவர்கள் வரும்வரை குடலிறங்கிப் புடைத்த அடிவயிற்றைப் பிடித்தபடி நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். மாற்றிப் போட அளவெடுத்து வாங்கிய புதுக் கண்ணாடி அவருடைய பிக்கப் வண்டியில் போர்வைக்குள் பத்திரமாக இருந்தது.

கன்சாஸ் கோர்ட்டில் நீதிபதி ஹேவர்காம்ப் அம்மாளுக்கு அவரை விட்டுவிடத்தான் ஆசை. அறுபது வயதுவரை வம்புதும்புக்குப் போகாத மனிதர், எச்சரித்து அனுப்புகிறேன் என்றார்.

"வேணாம்மா. தீர்ப்புக்கு முன்னாடி லாக்கப்புல இருந்தது கணக்குல வராதாம். குற்றவாளின்னு எழுதி ஒரு நாளாவது உள்ள போடுங்க. வெளிய வரும்போது தேதி போட்ட காகிதம் வேணும்."

என்ன கூத்து இது என்று நீதிபதி கேட்க, ஆர்வில் கொட்டித் தீர்த்தார். குடலிறக்க ஆபரேஷனுக்குக் காப்பீடு இல்லாமல் போனால் பாதிப் பண்ணை போய்விடும். இந்த வருஷக் காப்பீட்டில் சேருவதற்குக் கடைசி நாள் ஜனவரி பதினைந்து. மாடுகள் கன்று போடும் அமளியில் கோட்டைவிட்டுவிட்டார். போன வருஷத் திட்டம் மாசத் தவணைகூடக் கேட்காத நல்ல திட்டம்தான், ஆனால் அது டிசம்பரோடு முடிந்ததாக அவர் கணக்கு; அதிலிருந்து வரும் கடிதங்களைப் பிரிக்காமலே அடுப்பு மூட்டுவது அவர் வழக்கம்.

இனி நவம்பர்வரை கதவு சாத்தியாச்சு. நடுவில் சேர வேண்டுமானால் வாழ்க்கையில் ஏதாவது நடந்திருக்க வேண்டுமாம். காப்பீட்டு உதவி எண்ணில் ஆள் வரும்வரை மணிக்கணக்காகப் பாட்டுக் கேட்கப் பொறுமையில்லாமல் இணையத்தில் பட்டியலைப் பார்த்தார்: கல்யாணம், குழந்தை, சிறையிலிருந்து விடுதலை. முதல் இரண்டைப் பற்றி மனைவி வெர்னாவிடம் பேச்செடுத்ததும் அவள் கரண்டியைத் தூக்கினாள். மிச்சம் மூன்றாவதுதான்.

நீதிபதி கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினார். பாவம், மனிதருக்கு வலி நிஜம். ஒரு நாள் சிறை என்று எழுதினார்.

மறுநாள் வெளியே வந்த ஆர்வில் முகத்தில் மாப்பிள்ளைக் களை. உதவி எண்ணில் முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டு, கிடைத்த பெண்ணிடம் விடுதலைச் சீட்டை வரி விடாமல் வாசித்தார். குற்றம், தீர்ப்பு, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எல்லாவற்றையும் அவள் தட்டிக்கொண்டே வந்தாள். சட்டென்று தட்டுவது நின்றது.

இனி ஆபரேஷனுக்குத் தடையில்லையே என்று கேட்டார் ஆர்வில்.

"ஐயா, உங்க பழைய திட்டம் ஜனவரி ஒண்ணாம் தேதியே தானாப் புதுப்பிச்சு ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. ஜெயிலுக்குப் போனேன்னு சொன்னீங்கல்ல, ஜெயிலுக்குப் போனவங்களுக்கு அது செல்லாது, இப்பத்தான் அதை ரத்து பண்ணேன்."