செவ்வாயில் புயல்

"இன்னுமா புயல் ஓயல?" என்று கேட்டார் தலைமையகத்திலிருந்து ஆய்வுக்கு வந்திருந்த அதிகாரி.

திரையில் செவ்வாய்க் கிரகம். பள்ளம், மேடு, துருவப் பனி எதுவும் தெரியவில்லை. முழுக்க ஒரே காவி நிறம்.

"கிரகத்தையே மூடின தூசிப் புயல் சார். நம்ம விண்கலம் மேலேயே சுத்திக்கிட்டுக் காத்திருக்கு. தூசி விலகணும்ல?" என்றார் இயக்குநர். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'சமாளிப்பு'.

மூலையில் கணினி முன்னால் ஒரு பெண் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். படங்களைத் தயார் செய்வது அவள் வேலை. தற்காலிக வேலை. இன்று அதிகாரி கையெழுத்துப் போட்டால் திட்டம் நீளும், அவள் வேலையும் நிரந்தரமாகும். போடாவிட்டால் எல்லோரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். வேலை நிரந்தரமாகிவிட்டது என்று அம்மாவிடம் அவசரப்பட்டுச் சொல்லியிருந்தாள். அம்மா அதை அத்தை, சித்தி என்று சொந்தம் முழுக்கப் பரப்பியும் விட்டாள்.

அதிகாரி போன மாதப் படத்தைக் கேட்டார். காட்டினாள். அதற்கு முந்தைய மாதத்துப் படத்தைக் கேட்டார். அதுவும் காவி.

"எல்லாம் அச்சு அசல் ஒண்ணு போலவே இருக்கே?"

"அதுதான் சார் இந்தப் புயலோட விசேஷமே."

தூசியின் பருமன், காற்றின் வேகம், இதைப் பார்த்து உலகமே பொறாமைப்படப்போவது என்று இயக்குநர் மூச்சு விடாமல் அளந்தார். நீ என்னம்மா சொல்கிறாய் என்று அதிகாரி திடீரென அவள் பக்கம் திரும்பினார். "ஆமா சார்" என்றாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அதிகாரி பேனாவைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்து கையெழுத்துப் போட்டார்.

இயக்குநர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சாரைக் கார் வரைக்கும் விட்டுவிட்டு வரும்படி அவளிடம் சொன்னார்.

லிஃப்ட் கதவு மூடியது. அதிகாரி குரலைத் தாழ்த்தினார்.

"எவ்வளவு பெரிய புயல் அடிச்சாலும், அங்க இருக்கிற பெரிய எரிமலைகளோட உச்சி மட்டும் தூசிக்கு மேல தலையை நீட்டிக்கிட்டு இருக்கும்மா. அடுத்த படத்துல அதையும் சேர்த்து வரைஞ்சுடு."

அவள் பின்வாங்கி லிஃப்ட் சுவரில் முட்டிக்கொண்டாள்.

"பயப்படாதே. விண்கலம் செத்து ஆறு மாசம் ஆச்சுன்னு எனக்குத் தெரியாதா? அது பத்து வருஷம் உழைக்கும்னு அன்னிக்கு எழுதிக் கொடுத்ததே நான்தான். வர்ற வருஷம் ரிட்டயர் ஆறேன், அதுவரைக்கும் புயல் அடிச்சுக்கிட்டே இருக்கட்டும்."