பச்சை மாறாத குழம்பு

"கத்தியைத் தப்பாப் பிடிடீ விலாய்! நீ நறுக்குற வேகத்தைப் பார்த்தாலே குட்டு உடைஞ்சிடும்" என்று கிசுகிசுத்தாள் லம்துவான்.

விலாய் சட்டென்று வேகத்தைக் குறைத்து, எலுமிச்சம்புல்லை விறகு பிளப்பதுபோல் வெட்டத் தொடங்கினாள். நகோன் பத்தோம் சந்தையில் இருபத்தெட்டு வருடமாகக் குழம்புக்கடை நடத்துகிறவளுக்கு இதைவிடக் கேவலம் வேறு கிடையாது.

ஆனால் வேறு வழியில்லை. வடக்கே சுற்றுலா போய்வந்த வாடிக்கையாளர்கள் அவள் கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே, "சியாங் மாய்ல கன்னிகா டீச்சர்னு ஒருத்தங்க சமையல் கிளாஸ் எடுக்குறாங்க. அங்க சாப்பிட்ட காவ் சோய் இருக்கே..." என்று கண்ணை மூடிக்கொள்கிறார்கள். அந்தக் குழம்பு நூடுல்ஸின் சூட்சுமத்தைத் திருடிக்கொண்டு போகத்தான், அழகு நிலையம் வைத்திருக்கும் தோழி லம்துவானையும் இழுத்துக்கொண்டு ரயிலேறி வந்திருந்தாள். இருவருக்கும் துணிக்கடையில் வேலை, அடுப்புப் பக்கமே போனதில்லை என்று டீச்சரிடம் சொல்லியாயிற்று.

வகுப்பில் இவர்களைத் தவிர நாலு வெள்ளைக்காரர்கள். கன்னிகா டீச்சருக்கு நாற்பது வயதிருக்கும். உதட்டுச் சாயம் கலையாமல் பளிச்சென்று நின்றாள்.

"அக்கா, பூண்டை இப்படி ஒரு நசுக்கு நசுக்கினா தோல் தானா வந்துடும். பார்த்தீங்களா?"

"அடேயப்பா!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வியந்தாள் விலாய்.

"இந்த அக்கா பாருங்க, எவ்வளவு அழகா இடிக்கிறாங்க! நீங்களும் அவங்களைப் பார்த்துக் கத்துக்கங்க."

டீச்சர் காட்டியது லம்துவானை. ஆயுசில் ஒரு முட்டைகூட வேகவைத்திராத லம்துவான், "எல்லாம் கைராசி டீச்சர்" என்று நெளிந்தாள்.

முதலில் பச்சைக் குழம்பு. இடித்த விழுதை டீச்சர் வதக்கக்கூட இல்லை. தேங்காய்ப்பால் மொத்தத்தையும் சட்டியில் கவிழ்த்து, அதில் விழுதைக் கரைத்தாள். விலாய்க்குக் கை துறுதுறுத்தது. லம்துவான் அவள் காலை மிதித்தாள்.

டீச்சர் தீயைக் கூட்டினாள். மேலே ஒரு மூடியையும் போட்டாள். விலாய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐந்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்தால், குழம்பு துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன காக்கிச் சட்டை நிறத்தில் கொதித்துக்கொண்டிருந்தது.

"அவ்வளவுதான். பச்சைக் குழம்பு ரெடி!"

"அநியாயம் பண்ணாதீங்க டீச்சர்!" விலாய் பாய்ந்து போய் அகப்பையைப் பிடுங்கினாள். "முதல்ல கெட்டிப்பாலை மட்டும் ஊத்தி, எண்ணெய் பிரிய விடணும். அதுல விழுதை வாசம் வர்ற வரைக்கும் வதக்கணும். இப்படியா போட்டுக் கரைக்கிறது?"

"ஓஹோ! ஆனா அக்கா, எப்படிச் செஞ்சாலும் கொஞ்ச நேரத்துல நிறம் மங்கத்தான் செய்யும். அதை யாராலயும் தடுக்க முடியாது."

"யாராலயும் முடியாதா? சாயங்காலம் வரைக்கும் கிளிப்பச்சையா நிக்கும், என்ன பந்தயம்? மிளகாய்ச் செடி இலையை இடிச்சுச் சாறு எடுத்து, அடுப்பை அணைச்சதுக்கப்புறம் ஊத்திப் பாருங்க. அணைச்சதுக்கப்புறம்!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னதே அவள் காதில் விழுந்தது.

லம்துவான் வெடுக்கென்று அவள் பக்கம் திரும்பினாள். "அடிப்பாவி! இத்தனை வருஷமா கேக்குறேன். எங்கிட்ட எல்லாம் கைமணம்னுதானே சொன்னே?"

"துணிக்கடையில இதெல்லாம்கூடச் சொல்லித் தர்றாங்களா அக்கா?" என்று வெகுளியாகக் கேட்டாள் டீச்சர்.

"எங்க... எங்க பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி செய்வா" என்று விலாய் குழறினாள்.

நல்லவேளை, அதற்கப்புறம் காவ் சோய் ஆரம்பமானது. அதில் டீச்சர் ஒரு பிசகும் செய்யவில்லை. வறுத்த கருப்பு ஏலக்காயை விழுதோடு சேர்த்து இடித்ததை விலாய் உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள். ஒரு வாய் சாப்பிட்டதும் அவளுக்கும் கண் மூடிக்கொண்டது. ஒன்று போனாலும் ஒன்று கிடைத்ததே என்று மனசு ஆறியது.

வகுப்பு முடிந்து வெள்ளைக்காரர்கள் வேனில் ஏறினார்கள். பேச மறுத்த லம்துவானும் முகத்தைத் தூக்கிக்கொண்டு ஏறினாள். விலாய் படியில் கால் வைக்கும்போது கன்னிகா ஓடிவந்து, நெற்றி வரை கைகளை உயர்த்திக் கும்பிட்டாள்.

"ரொம்ப நன்றிக்கா. உங்க கடை எந்த ஊர்ல?"

விலாய்க்கு முகம் வெளிறிவிட்டது. "எ... எப்பத் தெரிஞ்சது?"

"உள்ள வந்ததும் வராததுமா உரலைத் தட்டிப் பார்த்தீங்களே, அப்பவே."

"கோவம் இல்லையே டீச்சர்?"

"கோவமா? நான் பேங்க்ல வேலை பார்த்தவக்கா. எனக்குச் சொந்தமா வெந்நீர் வைக்க மட்டும்தான் தெரியும். அந்தக் காவ் சோய் லம்பாங்லேருந்து வந்த ஒரு அக்கா குடுத்தது. பப்பாளி சாலட், உடோன்லேருந்து வந்தவங்க குடுத்தது. அவங்களும் உங்களை மாதிரியே, அடுப்புப் பக்கம் போகாதவங்கதான்."

டிரைவர் ஹாரன் அடித்தார். கன்னிகா வேன் கதவைப் பணிவாகப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"உங்க ஊர்ல மஸ்ஸமன் குழம்பு நல்லாச் செய்யறவங்க யாராவது இருந்தா அனுப்பி வைங்கக்கா. அடுத்த மாசம் அதைத்தான் தப்பாச் செய்யலாம்னு இருக்கேன்."