மூன்றாவது வரி

காலமான தன் அண்ணனின் மின்னஞ்சல் முகவரியை மூடப் பெரியவர் சம்மதிக்கவில்லை. "எழுதினவங்களுக்குப் பதில் போகலைன்னா குடும்ப மானம் கப்பலேறிடும்."

அந்த முகவரிக்கு வரும் அஞ்சலெல்லாம் மாமனாருக்கே போகும்படி மருமகள் செய்தாள். தானாகப் போகும் பதிலாக அவர் சொன்ன இரண்டு வரிகளைத் தட்டினாள்: "அண்ணன் காலமாகிவிட்டார். இனி எனக்கு எழுதவும்."

"நீங்களே ஒண்ணு அனுப்பிப் பாருங்க மாமா."

கண்மூடும்வரை அண்ணனுக்கும் அவருக்கும் பேச்சில்லை. மருமகள் பார்க்காதபடி அவர் எழுதினார்: "இன்னும் கோபமா?"

உடனே பதில் வந்தது. இரண்டு வரிகளுக்குக் கீழே மூன்றாவதாக ஒன்று: "அதெல்லாம் எப்பவோ போச்சுடா, வாலு."

அவரை அப்படிக் கூப்பிட அண்ணனைத் தவிர யாருமில்லை.

வந்த பதிலை மட்டும் காட்டினார். மருமகள் சரிபார்த்தாள். அவள் தட்டியது இரண்டு வரிதான். "அழிச்சுட்டு மறுபடி போடட்டுமா?"

"வேண்டாம்மா. பெரியவங்க பேச்சுல கை வைக்கக் கூடாது," என்றவர், என்றும் விறைத்திருக்கும் முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டார்.