கைக்குள் இருந்த ராணி

சிறுவர் உலகச் சதுரங்கத்தின் கடைசிச் சுற்று. இரட்டைச் சடைக்காரியின் சிப்பாய் எதிர்க்கோடியைத் தொட்டுவிட்டது. அது இனி ராணியாகலாம். ஆனால் வெட்டுப்பட்ட ராணியைக் காணோம். கடிகாரத்தில் அவள் நேரம் கரைகிறது. மேசைக்கடியில் குனிகிறாள். எதிரே வேற்றுநாட்டுப் பையனும் பதறிக் குனிகிறான். “என்னங்க தேடுறா?” என்று கயிற்றுக்கு வெளியே அம்மா கிசுகிசுக்கிறாள். “ராணிய. வெட்டுனதுலேர்ந்து அந்தப் பய கையிலதான் உருட்டிக்கிட்டிருந்தான். இப்ப அவனும் சேர்ந்து தேடுறான் பாரு!” என்கிறார் அப்பா. மேசை விரிப்பைத் தூக்கப் பையன் விரல்களைப் பிரிக்க, ராணி டொக்கென்று விழுகிறாள். காது சிவக்க எடுத்து நீட்டுகிறான். வியர்வை ஈரத்தைச் சட்டையில் துடைத்து அவள் வைக்கிறாள். அவன் ராஜாவுக்குப் போக்கிடமில்லை. அதே ஈரக் கையை அவன் நீட்டுகிறான். குலுக்கிவிட்டு, அவள் தன் கையையும் சட்டையில் துடைக்க, இருவருக்கும் சிரிப்பு பீறிடுகிறது. உதட்டில் விரல் வைத்தபடி வரும் நடுவருக்கும் மீசை துடிக்கிறது.