பெரிய தொர லீவு

காலை வெயில் பலாபத்வல தபால் கந்தோரின் கம்பி யன்னலால் நுழைந்து, கைறுன்னிஸா இறுகப் பிடித்திருக்கும் கறுத்த ரிசீவர்மேல் விழுகிறது. கருவாடு வாங்கத் திருகோணமலைக்குப் போன அவளுடைய கூடப்பிறந்த நானா கலந்தர் அங்கே எதிர்க்கரைக்குப் போக ஏறிய தோணி நேற்று அந்தியில் கவிழ்ந்துவிட்டது. நீந்திக் கரைசேர்ந்த தோணிக்காரன், கலந்தர் தோணியைப் பிடித்தபடி உயிரோடு மிதப்பதாகச் சொல்லியிருக்கிறான். மறுமுனையில் துறைமுக அதிகாரி கொட்டாவி விடுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்கிறது. "தேடிப்போற மோட்டர் லாஞ்சி இருக்கும்மா. பெரிய தொர லீவு. அவர் சொல்லாம எடுக்க ஏலாது." "லாஞ்சிய எடுக்கத் தொர வார மட்டும் கடல் பாத்துக்கிட்டு இருக்குமா? ஒங்க கூடப்பொறந்தவருன்னா இப்பிடிப் பேசுவீங்களா?" அவள் போட்ட சத்தத்தில் முத்திரை குத்தும் ஓசை நின்றுபோகிறது. "நாளைக்கிப் பேசுங்க" என்ற குரலோடு தொடர்பு அறுகிறது. முக்காடு நழுவியது தெரியாமல் அவள் ரிசீவரையே முறைக்கிறாள். தபால் அதிபர் பஸ்தியாம்பிள்ளையின் முகம் சிவக்கிறது. "இவனுங்களுக்கு லாஞ்சி எதுக்கு, சவாரி போறதுக்கா?" வரிசையில் நிற்கும் லொறிக்காரர் முத்தலிப் வந்த வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு நடக்கிறார். "வாங்க ராத்தா. திருகோணமலைக்கிப் போய் அந்த லாஞ்சிய நாமளே தள்ளி எறக்குவோம்." வெளியே அவருடைய லொறியிலிருந்து வெங்காய மூட்டைகள் தொப்புத் தொப்பென்று இறங்குகின்றன, வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் கைகொடுக்கிறார்கள். கைறுன்னிஸா யாருடைய கையையும் பிடிக்காமல் லொறியில் ஏறி, கடைசி மூட்டையைக் காலால் உதைத்துத் தள்ளுகிறாள். அது தெருவில் விழுந்து வெடிக்கிறது.